கணித ஆசிரியராகப் போகிறவர் பெற்றோரிடம் கற்க வேண்டிய கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் வரவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் பாடநூலின் கனம், தேர்வு முறை, ஆசிரியர் பற்றாக்குறை, கைபேசி என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். நாளை வகுப்பறைக்குள் நுழையப்போகும் ஆசிரியரை எப்படி உருவாக்குகிறோம் என்ற கேள்வி அந்த வரிசையின் கடைசியில்தான் வருகிறது. அவரை உருவாக்கும் காலத்தில் பிள்ளையின் வீட்டையும் அது வளரும் சமூகத்தையும் அவருக்கு எப்படி அறிமுகப்படுத்துகிறோம் என்ற கேள்வியோ எழுவதே இல்லை. ஆசிரியர் பயிற்சியில் கணிதம் கற்பிக்கும் முறையை நெடுங்காலம் நடத்தியவன் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் இக்கடிதத்தில் எழுதுகிறேன். கணித ஆசிரியராகப் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும், கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போய் முதல் பாடத்தை நடத்துவதற்கு முன்பே, தம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டிலோ அவர்கள் வாழும் தெருவிலோ நடக்கும் ஒரு கணக்கையாவது அதைச் செய்பவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும். அது ஏன் சரியாக வருகிறது என்பதைக் கணிதமாக விளக்கி, அதிலிருந்து ஒரு பாடத்தை எழுதிக் காட்ட வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். இதுவே என் கோரிக்கை.

இப்போது பயிற்சியில் குடும்பம் தலைகாட்டுவது பெரும்பாலும் கோட்பாட்டுத் தாளில், பெற்றோர் ஒத்துழைப்பின் அவசியத்தை விளக்குக என்ற நெடுவினாவாகத்தான். அதற்கு எழுதப்படும் விடையில் பெற்றோர் செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கும்: பிள்ளையைத் தவறாமல் அனுப்ப வேண்டும், வீட்டுப்பாடத்தைக் கவனிக்க வேண்டும், கூட்டத்துக்கு வர வேண்டும், முன்னேற்ற அட்டையில் கையெழுத்திட வேண்டும். ஆசிரியர் பெற்றோரிடம் தெரிந்துகொள்ள வேண்டியது என்று அந்த விடையில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பாடக்குறிப்பேட்டின் கதையும் இதுதான். அதில் முன்னறிவு என்று ஒரு கட்டம் உண்டு. கழித்தல் பாடமென்றால் அந்தக் கட்டத்தில் 'மாணவர்கள் கூட்டல் அறிந்திருப்பர்' என்று எழுதுவார்கள். பின்னம் என்றால் 'மாணவர்கள் வகுத்தல் அறிந்திருப்பர்'. பாடநூலில் முந்தைய பாடம் எதுவோ அது அப்படியே முன்னறிவாகிவிடும். பிள்ளை உண்மையில் எதை அறிந்திருக்கிறது, எங்கே அறிந்தது, எந்த வழியில் செய்கிறது என்று எவரும் விசாரிப்பதில்லை. பயிற்றுநர்களாகிய நாங்களும் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறோம். குடும்பத்தோடு சேர்ந்து கணிதம் கற்பிப்பதென்பது அந்த ஒரு கட்டத்தை உண்மையாக நிரப்புவதிலிருந்து தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

பிள்ளை பள்ளிக்கு வெளியே செய்யும் கணக்கும் உள்ளே செய்யும் கணக்கும் எவ்வளவு விலகிக் கிடக்கக்கூடும் என்பதற்கு, பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெரெசினா கராகர், டேவிட் கராகர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் நடத்தி 1985இல் வெளியிட்ட ஆய்வைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தெருவிலும் சந்தையிலும் பொருள் விற்கும் 9 முதல் 15 வயது வரையிலான 5 பிள்ளைகளிடம், வாங்க வந்தவர்களைப் போலவே நின்று, இத்தனை வாங்கினால் எவ்வளவு, இவ்வளவு கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டார்கள். விடைகளில் 98 விழுக்காடு சரி. பிறகு, அதே பிள்ளைகள் சரியாகப் போட்ட அதே எண்களைத் தாளும் பென்சிலும் கொடுத்துப் பள்ளிக் கணக்காகக் கேட்டபோது, வார்த்தைக் கணக்குகளில் சரியான விடை 74 விழுக்காட்டுக்கும், வெறும் எண்களாக எழுதப்பட்ட கணக்குகளில் 37 விழுக்காட்டுக்கும் இறங்கிவிட்டது. ஒன்று 35 விலையுள்ள தேங்காய் 4 வாங்கினால் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை, மூன்றுக்கு 105, அதோடு 30 சேர்த்தால் 135, இன்னும் 5 சேர்த்தால் 140 என்று வாயாலேயே சொல்லி முடித்தது. அதே பிள்ளை தாளில் 35 பெருக்கல் 4 என்பதற்கு 200 என்று எழுதியது. எப்படி என்று கேட்டதற்கு, நாலைந்து இருபது, கையில் இரண்டு. இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்துநான்கு இருபது என்று விளக்கியது. பெருக்கிய பிறகு கூட்ட வேண்டியதைக் கூட்டிவிட்டுப் பெருக்கியிருக்கிறது.

ஐந்தே பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்த ஒரு பிள்ளையின் இரண்டு விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை என்னவென்று தெரிந்துவிடும். தெருவில் 35ஐ 30 என்றும் 5 என்றும் பிரித்துச் சேர்த்த பிள்ளைக்குப் பங்கீட்டுப் பண்பு, அதாவது எண்ணைப் பிரித்துத் தனித்தனியே பெருக்கிக் கூட்டலாம் என்ற விதி, கையில் இருக்கிறது. தாளில் அது தொலைந்துபோயிருக்கிறது. வாய்ப்பாட்டை நூறு முறை எழுதச் சொல்வது இதற்கு மருந்தாகாது, ஏனென்றால் வாய்ப்பாட்டில் தவறில்லை. தேங்காய்க்குச் சொன்ன வழியைத் தாளில் எழுத வைத்து, 'கையில் இரண்டு' என்பது உண்மையில் இருபது என்று அந்தப் பிள்ளையே கண்டுகொள்ளும்படி செய்வதுதான் பாடம். ஆனால் தேங்காய்க் கணக்கை அந்தப் பிள்ளை எப்படிப் போடுகிறது என்பதை ஒருமுறையாவது நின்று கேட்ட ஆசிரியரால்தான் அப்பாடத்தை எழுத முடியும்.

வீட்டுக் கணக்கு என்றதும் தொழிற்கணக்கு மட்டுமே நினைவுக்கு வரக்கூடாது. பெற்றோர் தம் பள்ளி நாள்களில் கற்ற முறையும் வீட்டில் இருக்கிறது. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரசல் வருவது பெரும்பாலும் அங்கேதான். 52இலிருந்து 27ஐக் கழிக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். இன்றைய வகுப்பில் பிள்ளை, 5ஐ 4 ஆக்கி, 2ஐ 12 ஆக்கி, கடன் வாங்கிக் கழிக்கிறது. வீட்டில் தாயோ தாத்தாவோ வேறொரு முறையைச் சொல்லித் தருகிறார்: மேலே உள்ள 2ஐ 12 என்று வைத்துக்கொள், 7 போக 5; கீழே உள்ள 2ஐ 3 ஆக்கு, 5இல் 3 போக 2; விடை 25. மூன்றாமவர் ஒருவர் எழுதவே இல்லாமல், 27க்கு 3 சேர்த்தால் 30, அங்கிருந்து 50க்கு 20, அப்புறம் 2, ஆக 25 என்று ஏறிப் போய்ச் சொல்கிறார். மூன்றும் சரி. முதல் முறை 52ஐ 40 என்றும் 12 என்றும் பிரிக்கிறது. இரண்டாவது முறை எதையும் பிரிக்கவில்லை. மேலே 10 ஒன்றுகளைச் சேர்த்து, கீழே 1 பத்தைச் சேர்த்து, இரண்டு எண்களையும் சம அளவு கூட்டிவிடுகிறது, அதனால் வித்தியாசம் மாறுவதில்லை. மூன்றாவது, கழித்தலை எண்கோட்டில் இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரமாகப் பார்க்கிறது.

பயிற்சியில் முதல் முறையை மட்டும் கற்றுவந்த இளம் ஆசிரியர், கீழே இருக்கும் 2 எப்படி 3 ஆனது என்று புரியாமல் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். விடை சரியாக இருந்தும் வழிக்கான மதிப்பெண் பறிபோகும். மறுநாள் பிள்ளை வீட்டில் போய், நீங்கள் சொல்லித் தந்தது தப்பு என்று மிஸ் சொன்னார்கள் என்று சொல்லும். அந்தத் தாய் அதற்குப் பிறகு அந்த நோட்டைத் தொடமாட்டார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அக்கறையற்ற பெற்றோர் என்று நாம் குறித்துக்கொள்வோம். அமெரிக்காவின் அரிசோனாவில் மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பங்களோடு நெடுங்காலம் பணியாற்றிய கணிதக் கல்வி ஆய்வாளர் மார்த்தா சிவில், நீள்வகுத்தலை எழுதும் முறை இரு நாடுகளிலும் வேறுபடுவதாலேயே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் இப்படியொரு பிளவு விழுவதைப் பதிவு செய்திருக்கிறார். பயிற்சியின் முதல் பருவத்திலேயே, ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடமும் தம்மைவிட இளையவர் ஒருவரிடமும் கழித்தலையும் வகுத்தலையும் போடச் சொல்லிக் கேட்டு, வகுப்பில் வந்து கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு முறையும் ஏன் சரி என்று நிறுவச் சொன்னால் போதும். இடமதிப்பைப் பற்றி எந்தப் பாடநூலும் தராத தெளிவு கிடைக்கும். இதற்குச் செலவும் இல்லை, எவருடைய அனுமதியும் தேவையில்லை.

அடுத்து, தெருவுக்குப் போவது. இங்கேதான் பயிற்சி வேண்டும். கேட்கத் தெரியாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். உங்கள் வேலையில் கணிதம் எங்கே வருகிறது என்று ஒரு கொத்தனாரையோ தையல்காரரையோ கேட்டால், எங்களுக்குக் கணக்கெல்லாம் வராதுங்க என்பதுதான் பதிலாக வரும். இப்படிச் சொல்லிக்கொண்டே கை ஒரு செங்கோணத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இதை எப்படி அளந்தீர்கள், அளவு தவறினால் உங்களுக்கு எப்படித் தெரியவரும், இடம் இரண்டு மடங்கு பெரிதானால் என்ன மாற்றுவீர்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் கணிதம் பெரும்பாலும் வெளிப்படும், ஏனென்றால் பழக்கத்தால் செய்வதும் விதி தெரிந்து செய்வதும் அங்கே பிரிகின்றன.

கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலை பிடிக்கும்போது ஒரு பக்கம் 3 அடியும் அடுத்த பக்கம் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். பயிற்சி ஆசிரியர் இதைக் கண்டதும் பிதாகரஸ் தேற்றம் என்று மகிழ்ந்து எழுதிக்கொள்வார். சற்று நிதானித்தால் அது தேற்றம் அல்ல, தேற்றத்தின் மறுதலை என்பது விளங்கும். செங்கோணம் இருந்தால் பக்கங்களின் வர்க்கங்கள் இப்படி அமையும் என்கிறது பாடநூல். பக்கங்கள் இப்படி அமைந்திருப்பதால் இது செங்கோணம் என்கிறார் கொத்தனார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுதோறும் குழம்பும் இந்த வேறுபாட்டை இவ்வளவு இயல்பாக விளக்கும் இடம் வேறு கிடைக்காது. பெரிய கட்டடமென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், 6, 8, 10 என்று வைப்போம், சின்ன அளவில் நூல் கொஞ்சம் தளர்ந்தாலும் மூலை போய்விடும் என்பார். அதையும் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்: குறுக்களவில் ஏற்படும் அதே சிறு பிழை, பக்கங்கள் இரட்டிக்கும்போது கோணத்தில் ஏறத்தாழப் பாதிப் பிழையையே உண்டாக்குகிறது. பிழையைப் பற்றிய இந்தச் சிந்தனைக்குப் பள்ளிப் பாடத்தில் இடமே இல்லை. கொத்தனாருக்கோ அதுதான் பிழைப்பு.

இதை ஆசிரியர் பயிற்சிக்குள்ளேயே கொண்டுவந்தவர் என்று நான் பெரிதும் மதிப்பவர் மொசாம்பிக்கில் பணியாற்றிய கணித அறிஞர் பவுலுஸ் கெர்டெஸ். அந்நாட்டுக் கிராம மக்கள் வீட்டுக்குச் செவ்வக அடித்தளம் அமைக்கும் இரண்டு வழிகளை அவர் தம் பயிற்சி மாணவர்களின் முன் வைத்தார். ஒன்றில், சம நீளமுள்ள இரண்டு கழிகளையும் சம நீளமுள்ள வேறு இரண்டு கழிகளையும் நாற்கரமாக வைத்து, இரு மூலைவிட்டங்களும் சமமாகும் வரை நகர்த்துவார்கள். இன்னொன்றில், சம நீளமுள்ள இரண்டு கயிறுகளை நடுவில் முடிச்சிட்டு, நான்கு நுனிகளையும் இழுத்து முளையடித்துவிடுவார்கள். நுனிகள் செவ்வகத்தின் மூலைகளாக அமைந்துவிடும். கெர்டெஸ் அதோடு நிற்கவில்லை. இவ்வழக்கங்களில் ஒன்றையே அடிப்படை மெய்க்கோளாக, அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் தொடக்கக் கூற்றாக, எடுத்துக்கொண்டால் மற்ற வடிவியல் முடிவுகளை அதிலிருந்து எப்படிக் கட்டியெழுப்பலாம் என்று அந்தப் பயிற்சி மாணவர்களையே ஆராய வைத்தார். கிராமத்தவரின் கயிற்றுக்குக் கிரேக்க வடிவியலுக்குத் தரும் அதே கவனத்தைத் தருவதென்றால் இதுதான். இப்படியான முயற்சிகளுக்குக் கொள்கைப் பெயர் தந்து 1984இல் அடிலெய்டில் நடந்த பன்னாட்டுக் கணிதக் கல்வி மாநாட்டில் விரிவாகப் பேசியவர் பிரேசிலின் உபிராடன் டி'அம்ப்ரோசியோ. மக்கள் தம் வாழ்விலும் தொழிலிலும் கையாளும் கணக்கை ஆராயும் இனக்கணிதம் என்ற அந்தத் துறையைப் பற்றி நம் பயிற்சி வகுப்புகளிலும் ஒரு பத்தி சொல்லப்படுவதுண்டு. பத்தியைச் சொல்லிவிட்டுக் கயிற்றை விட்டுவிடுகிறோம்.

ஏனென்றால் எளிதான போலி ஒன்று பக்கத்திலேயே காத்திருக்கிறது. பாடநூல் கணக்கில் உள்ள பெயர்களையும் பொருள்களையும் மாற்றி, ஊர்ப் பெயரைச் சேர்த்து, இதோ சமூகம் சார்ந்த கணிதம் என்று காட்டிவிடுவது. கணக்கின் உள்ளே அதே சூத்திரம், அதே ஒரே விடை, அதே ஒரே வழி. பிள்ளைகள் இந்த வேடத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அனுபவத்திலிருந்து குறியீட்டுக்குப் போகும் பாதை நீளமானது என்பதை ராபர்ட் மோசஸின் அல்ஜீப்ரா திட்டம் காட்டியது. அமெரிக்காவில் 1960களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய அவர், 1982இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தம் மகளின் வகுப்பறையிலிருந்து இத்திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பாஸ்டன் நகரின் சுரங்க ரயிலில் அழைத்துப் போனார்கள். பின்னர் அந்தப் பயணத்தைப் படமாக வரையச் செய்தார்கள். தங்கள் சொந்தப் பேச்சில் விவரிக்கச் செய்தார்கள். அந்தப் பேச்சிலிருந்து புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், திசை, எத்தனை நிலையங்கள் என்ற கூறுகளைப் பிரித்து ஒழுங்கான மொழியில் சொல்ல வைத்தார்கள். அதற்குப் பிறகே குறியீடு வந்தது. எத்தனை என்று மட்டுமே கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, எந்தத் திசையில் என்ற இரண்டாவது கேள்வியும் எண்ணோடு சேர்ந்தது என்று புரிந்தால்தான் குறை எண்கள் புரியும் என்பது மோசஸ் கண்டது. இந்த ஐந்து படிகளில் நடுவில் உள்ள இரண்டையும், அதாவது பிள்ளையின் பேச்சையும் அதை ஒழுங்குபடுத்துவதையும், நாம் வழக்கமாகத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். வீட்டுப் பேச்சுக்கு வகுப்பில் இடம் கிடைப்பதோ அந்த நடுப்படிகளில்தான்.

பெற்றோரின் பங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பெற்றோரை ஈடுபடுத்துவது என்றாலே வீட்டுப்பாடத்தைக் கூடுதலாக அனுப்பி, உட்கார வைத்துச் சொல்லித்தாருங்கள் என்று கேட்பதாக இளம் ஆசிரியர்கள் புரிந்துகொள்கிறார்கள். எரின் மலோனியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கென்றால் அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய குடும்பங்களில், முதலிரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு முடிவில் குறைவாகக் கற்றிருந்தார்கள், அவர்களுக்கும் கணக்கச்சம் கூடியிருந்தது. அதே அச்சமுள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பு காணப்படவில்லை. அதிகம் உதவுங்கள் என்று நல்லெண்ணத்தோடு கேட்பதே கேடாக முடியலாம் என்றல்லவா இதற்குப் பொருள். ஆசிரியரின் அச்சமும் இதற்குக் குறைந்ததல்ல. சியன் பைலாக்கும் மற்றவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணக்கச்சம் மிகுந்த ஆசிரியைகளின் தொடக்க வகுப்புகளில் ஆண்டு முடிவில் பெண் பிள்ளைகளின் கணித அடைவு குறைந்திருந்தது. தொடக்கநிலை ஆசிரியர் பயிற்சிக்கு வருபவர்களில் கணிதத்தை விட்டு ஓடி வந்தவர்கள் பலர் என்பது பயிற்றுநர்கள் எல்லோரும் அறிந்தது, வெளியில்தான் சொல்வதில்லை. அச்சமுள்ள ஆசிரியர் அச்சமுள்ள பெற்றோருக்கு வேலை அனுப்பினால், நடுவில் இருக்கும் பிள்ளைதான் இரண்டு பக்கத்துப் பயத்தையும் வாங்கிக்கொள்ளும்.

ஆகவே பெற்றோரிடம் எதைக் கேட்பது என்பதையும் பயிற்சியில் கற்க வேண்டும். விளையாட்டு, பேச்சு, வேலையில் கூட வைத்துக்கொள்வது ஆகிய மூன்றையும் தாராளமாகக் கேட்கலாம். ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் காட்டியது போல, 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதப்பட்ட கட்டங்களில் காய் நகர்த்தும் எளிய ஆட்டத்தைச் சில அமர்வுகளில், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆடியதே, வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த முன்பருவப் பிள்ளைகளின் எண்ணறிவைக் கூட்டியது; எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் இருந்த கட்டங்களில் ஆடியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இந்த ஆட்டத்தைப் பேரப்பிள்ளையோடு ஆடலாம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் உள்ள லாரன்ஸ் அறிவியல் கூடம் 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்திய குடும்பக் கணித வகுப்புகளில், பெற்றோரும் பிள்ளைகளும் மாலையில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே புதிரைப் போட்டார்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்லித்தர வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. இப்படியொரு மாலையைத் திட்டமிட்டு நடத்துவதை ஒவ்வொரு பயிற்சி ஆசிரியருக்கும் ஒருமுறையாவது கொடுக்கலாம். கூட்டத்தில் பேசவும் அவர்களைப் பழக்க வேண்டும். மதிப்பெண்ணைச் சொல்லித் தொடங்கும் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பிள்ளையின் நோட்டில் ஒரு கணக்கைத் திறந்து காட்டி, உங்கள் மகள் இதை இப்படிச் செய்திருக்கிறாள், நீங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள் என்று தொடங்கிப் பாருங்கள், பேச்சு நீளும். வேலைக்குப் போகும் பெற்றோரைப் பகல் நேரத்தில் வரச் சொல்லிவிட்டு வரவில்லை என்று வருந்துவதையும் அப்போதே விட்டுவிடலாம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். காலம் போதாது என்பது முதலாவது. பயன்படாத படிவங்களை நிரப்புவதில் பயிற்சிக் காலத்தின் எவ்வளவு பகுதி போகிறது என்று அறிந்தவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். வீட்டுக்குப் போவது துருவி விசாரிப்பதாக ஆகிவிடும் என்ற மறுப்பு உண்மையில் கனமானது. 1990களின் தொடக்கத்தில் அரிசோனாவின் டூசானில் லூயிஸ் மோல், நார்மா கொன்சாலெஸ் முதலியோர் ஆசிரியர்களை மாணவர் வீடுகளுக்கு அனுப்பியபோது, குறை காணப் போகிற அதிகாரிகளாக அனுப்பவில்லை. கற்கப் போகிறவர்களாக, கேள்வி கேட்கும் முறையைப் பழக்கியே அனுப்பினார்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் எவரையும் எந்த வாசலுக்கும் அனுப்பக்கூடாது. வருமானம், கடன், குடும்பச் சிக்கல் எதையும் கேட்கக்கூடாது. வேண்டாம் என்பவரை வற்புறுத்தவும் கூடாது. வீட்டுக்குள் அழைக்க விரும்பாதவர் என்றால் தெருமுனையில் நின்று பேசினால் போதும், அல்லது அவரையே பயிற்சி வகுப்புக்குச் சிறப்பு ஆசிரியராக அழைத்து, மற்ற விருந்தினர் உரையாளர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைத் தரலாம்.

என்னை அதிகம் தொந்தரவு செய்யும் மறுப்பு வேறு. கொத்தனார் மகனுக்குக் கட்டடக் கணக்கு, தையல்காரர் மகளுக்குத் துணிக் கணக்கு என்று பங்குபோட்டுவிட்டால், பெற்றோரின் தொழிலைப் பிள்ளையின் தலையில் எழுதிவிடுவது ஆகும். அப்படிச் செய்யும் ஆசிரியர் எதுவும் செய்யாத ஆசிரியரைவிட மோசமானவர். கொத்தனாரின் மூலை பிடிக்கும் வழி வகுப்பில் எல்லோருக்குமான பாடமாக வர வேண்டும். கொத்தனார் மகனும் அதிலிருந்து மறுதலைக்கும், மறுதலையிலிருந்து நிறுவலுக்கும், கட்டடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத கணிதத்துக்கும் போக வேண்டும். வீட்டில் கிடைக்கும் கணக்குக்கு எல்லை உண்டு. பகா எண்கள் முடிவற்றவை என்ற நிறுவல் எந்தத் தெருவிலும் நடப்பதில்லை. அதைக் கொடுக்கத்தான் பள்ளி இருக்கிறது. எங்கே வீட்டுக் கணக்கைப் பிடித்துக்கொள்வது, எங்கே அதை விட்டு மேலே ஏறுவது என்ற தீர்மானம் ஆசிரியரின் கணித அறிவைப் பொறுத்தது. ஆகையால் இது கணிதம் குறைவாகத் தெரிந்தவர்களுக்கான எளிய வழி என்று யாரும் எண்ண வேண்டாம். கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டிய வழி.

நடைமுறைக்கு வந்தால், ஏற்கெனவே இருக்கும் கற்பித்தல் பயிற்சிப் பதிவேட்டிலேயே இதைச் சேர்த்துவிடலாம். புதிய தாள் எதுவும் வேண்டாம். கணக்கைச் சொன்னவர் எப்படிச் சொன்னாரோ அந்தச் சொற்களிலேயே அது எழுதப்பட வேண்டும். அதன் கணித விளக்கமும், அதிலிருந்து எழுந்த பாடமும், பாடத்தில் பிள்ளைகள் சொன்னவையும் அடுத்து வர வேண்டும். முந்தைய ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்து எழுதும் கலையில் நம் பயிற்சி மாணவர்கள் தேர்ந்தவர்கள் என்பதால், வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஓர் எண்ணை மாற்றிக் கேட்க வேண்டும்: 52க்குப் பதிலாக 502 என்றால் அந்தத் தாத்தாவின் முறை எப்படிப் போகும் என்று. உண்மையில் கேட்டு வந்தவர் சொல்லிவிடுவார். பயிற்றுநர்களும் தம் பங்குக்கு, ஆண்டுக்கு ஒரு முறையாவது பயிற்சி மாணவர்களோடு போய் நின்று கேட்க வேண்டும். தாம் கேட்டறியாத ஒன்றை எப்படி மதிப்பிடுவார்கள்?

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் தாமோ தம் வீட்டு முதியவர்களோ கூட்டல், கழித்தல், வகுத்தல், அளவெடுத்தல் ஆகியவற்றுக்குக் கையாளும் வழிகளைக் கல்விப் பக்கத்தில் வாரம் ஒன்றாக வெளியிட்டு, அந்த வழி ஏன் சரியாக வருகிறது என்று அடுத்த வாரம் பயிற்சி ஆசிரியர் ஒருவரையே விளக்கி எழுதச் செய்யலாம். முதல் வாரத்துக்கு மேலே சொன்ன 52, 27 கணக்கின் இரண்டாவது முறையை எடுத்துக்கொள்ள எனக்கு மறுப்பில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பயிற்றுநர் ஒருவர்